சின்னதம்பி மனைவி பவுனு

பெருமுக்கல்,
14.8.2008, வியாழக்கிழமை

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் வெற்றிவேலுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் பெரியதம்பி எழுதும் கடிதம். விழுப்புரத்தில் நீயும் சித்ராவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அக்கா பவுனுவும் சுகம். ஆனால் உன் அக்காவின் புருஷன் யார் என்பது மட்டும் தபாலாபீஸ் புத்தகத்தின்படி இன்னும் முடிவாகவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன் இருப்பது கூடத்தில். அவள் இருப்பதும் கூடத்தில். அதனால்தான் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் எருமை இடித்தது என்று வைத்துக்கொள்.

மே மாதக் கடைசியில் நான் ரிட்டயர் ஆனதற்கு நீ வந்து துண்டு போட்டாய். இருபத்தெட்டு வருஷம் விழுப்புரம் - திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஓய்வுக்காலத்துக்கு எப்படிச் சேமிக்க வேண்டும் என்று என்னிடம் புத்திமதி வாங்காமல் அந்த வண்டியை விட்டு இறங்கினவர்கள் குறைவு. கேட்டு வாங்கினவர்கள் அதைவிடக் குறைவு, நானாகத்தான் சொல்வேன். உனக்கும் சொன்னேன். 1993-ல் அந்தத் தேக்கு மரக் கம்பெனிக்காரன், ஒரு கன்றுக்கு ஆயிரம் ரூபாய் கட்டினால் பதினைந்து வருஷத்தில் ஐம்பதாயிரம் என்று கலர் படம் போட்ட நோட்டீஸ் கொடுத்தபோது, நான் விரல் விட்டுப் பார்த்தேன். பதினைந்து வருஷம் என்றால் சரியாக நான் ரிட்டயர் ஆகிற வருஷம். எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்தது போல இருந்தது. உன் அக்காவின் வளையலை வைத்துப் பத்து மரம் வாங்கினேன், உன்னையும் விடாமல் இரண்டு மரம் வாங்க வைத்தேன். பிறகு நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்ததை நான் எழுத வேண்டியதில்லை. மரம் இல்லை, நம்பர் பலகை இருந்தது. பலகையும் மரத்தில் செய்ததுதான் என்று நான் சொன்னபோது நீ திரும்பி வரும் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டாயிரத்தை இன்றுவரைக்கும் நீ என்னிடம் கேட்காதது உன் பெருந்தன்மை.

மரம் போன பிறகு நான் போட்ட திட்டமெல்லாம் உனக்கே தெரியும். தேவயானியைக் கண்டமங்கலத்தில் கட்டிக்கொடுத்தபோது பி.எஃப். பணத்தில் பாதி போனது. ஓட்டுக் கூரையை மாற்றி மேலே தளம் போட்டபோது மீதிப் பாதி போனது. அது பத்தாமல் வாங்கிய வீட்டுக் கடனுக்கு, இப்போது வருகிற பென்ஷனில் பாதி மாதாமாதம் போகிறது. ஊருக்கெல்லாம் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவன் கையில், ஓய்வுக்காலம் வந்து சேர்ந்தபோது துண்டு மட்டும்தான் இருந்தது. அதையும் நீதான் போட்டாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனதில் ஒரு புது அனுபவம், பகல் பதினொரு மணிக்கு என் வீடு எப்படி இருக்கும் என்று பார்ப்பது. போன மாதம் ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். ‘வணக்கங்க, நீங்கதான் சின்னதம்பி சாருங்களா? உங்களைப் பாக்கவே முடியறதில்ல. பவுனக்கா இல்லீங்களா?’ என்றார். சின்னதம்பி என்று யாரும் இங்கே இல்லை என்றேன். ‘பவுனக்கா வீட்டுக்காரர் சின்னதம்பி...’ என்று இழுத்தார். பவுனுக்கு வீட்டுக்காரன் நான்தான், ஆனால் நான் சின்னதம்பி இல்லை என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘நான் அப்புறமா வர்றேங்க’ என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். உன் அக்கா பால் சொசைட்டிக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன். ஊரில் சின்னதம்பி என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவனுக்கு எழுபத்தெட்டு வயது, ஒருவன் எல்.கே.ஜி. என்பது வரைக்கும் விசாரித்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வந்தவர் இருதயமேரி. தபாலாபீஸ் ஆர்.டி.க்கு வீடு வீடாக வந்து மாதத் தவணை வாங்கிப்போகிற ஏஜென்ட். உன் அக்கா பதினைந்து வருஷமாக அவரிடம் பணம் கட்டி வந்திருக்கிறாள். பால் காசிலும் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போன கூலியிலும் மாதம் நூறு ரூபாயாகத் தொடங்கி, பிறகு முந்நூறாகி, கடைசியில் அறுநூறு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை முதிர்ந்ததை எடுக்காமல் அப்படியே டெபாசிட்டில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். எல்லாம் சேர்ந்து இன்றைக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மச்சான், இதெல்லாம் அவள் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. ‘என்கிட்ட ஏன் சொல்லல?’ என்று கேட்டேன். ‘உங்க மரம் வளந்துட்டா இத்தை சொல்லவே தேவையிருக்காதுன்னு நெனச்சேன். அதுவும் ஒரு பக்கம் வளரட்டும், இதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்னு போட்டுக்கினு வந்தேன்’ என்றாள். மரம் வராது என்று உனக்கு எப்போது தெரியும் என்றேன். ‘அந்தக் காயிதத்துக்குக் குங்குமம் வெச்சு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினீங்களே, அன்னிக்கே’ என்றாள்.

சின்னதம்பி எங்கேயிருந்து வந்தான் என்று நீ கேட்பாய். நம் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று காலமான உங்கள் அம்மா உன் அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முப்பத்து மூன்று வருஷமாக நான் அவளுக்கு ‘இந்தாங்க’, ‘உங்களத்தான்’, தேவயானி பிறந்த பிறகு ‘தேவி அப்பா’. மலைக் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் குருக்களிடம் என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவாள். ஒரு தடவை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நான் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லிவிட, பின்னாலேயே ஓடி வந்தவள் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ‘விழுப்புரம், விழுப்புரம்’ என்று கத்தினாள். அதைக் கேட்டுப் பதினொரு பேர் வண்டியில் ஏறினார்கள். அப்படிப்பட்டவளிடம் 1993-ல் இருதயமேரி பாரத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவள், ‘சின்னதம்பின்னு சொல்வாங்கல்ல, அதுக்கு மேல’ என்று குறிப்புக் கொடுத்திருக்கிறாள். எதிரே ரைஸ் மில் ஓடிக்கொண்டிருந்ததாம். ‘அதுக்கு மேலன்னாங்க, சரி, மேல் கட்டத்துல எழுதச் சொல்றாங்க போலன்னு மேல எழுதிட்டேங்க’ என்கிறார் அந்த அம்மாள். உன் அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்பது உனக்குத் தெரியும். முதல் மாதமே புத்தகத்தைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு ஏன் பதினைந்து வருஷமாகத் திருத்தவில்லை என்று கேட்டால், ‘திருத்தணும்னா பேரைச் சொல்லணுமே’ என்கிறாள்.

அப்போதெல்லாம் யாரும் அட்டை கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். பணத்தை எடுக்கப் போனோம். போஸ்ட் மாஸ்டர் நல்ல மனிதர், உட்காரவைத்து விளக்கினார். ‘புஸ்தகத்துல இருக்கறது சின்னதம்பி மனைவி பவுனு. ரேஷன் கார்டுல இருக்கறது பெரியதம்பி மனைவி பவுனு. இந்த ரெண்டு பவுனும் ஒரே பவுனுதான்னு வி.ஏ.ஓ. எழுதிக் குடுத்துட்டா நாளைக்கே பணத்தை எண்ணிக் குடுத்துடறேன்’ என்றார். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்து, நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வண்டியை விட்டேன்.

கிராம நிர்வாக அலுவலர் வேங்கடேசன் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எல்லாவற்றையும் முறைப்படி செய்கிற வயது. நான்தான் பெரியதம்பி, சின்னதம்பி என்று எழுதியிருப்பதும் என்னைத்தான் என்றேன். ‘நீங்க சொல்றது செல்லாதுங்க. யார் வேணும்னாலும் எந்தப் பேரையும் தன் பேருன்னு சொல்லலாம். கணக்கு அம்மாவோடது. என் வீட்டுக்காரர் பேரு இன்னது, தப்பா எழுதினது இன்னதுன்னு அவங்க வாயால சொல்லணும். நான் எழுதிக்குவேன், அவங்க கையெழுத்துப் போடணும்’ என்றார். உன் அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். ‘அவருதான் எதிர்ல உக்காந்துக்கினு இருக்காரே, பாத்து எழுதிக்கங்க’ என்றாள். பார்த்தால் பெயர் தெரியாது அம்மா என்றார் அவர். ‘ஊருக்கே தெரியுமே’ என்றாள். ‘சின்னதம்பி இல்லைன்னா வேற யாரும்மா?’ என்றார். ‘அதுக்கு மேல’ என்றாள். நான் குறுக்கே புகுந்து, நீங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவள் தலையாட்டுவாள் என்றேன். ‘போன மாசம் ஒரு வாரிசுச் சான்றுக்கு ஒரு அம்மா தலையாட்டினதை நம்பி எழுதிட்டேங்க. அவங்க ஈயை ஓட்டினாங்களாம். இன்னும் தாலுகா ஆபீசுக்கு நடந்துக்கினு இருக்கேன்’ என்றார். எழுதிக் காட்டச் சொன்னோம். ‘எழுதினா மட்டும் சொல்லாத மாதிரியாங்க?’ என்று பேனாவை மேசை மேலேயே வைத்துவிட்டாள். பதினைந்து வருஷச் சேமிப்பு, நான்கெழுத்துக்கும் ஐந்தெழுத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எத்தனை எழுத்து என்று இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், ஆறு.

வீட்டுக்கு வந்து நான் ஒரு தப்புப் பண்ணினேன். சாப்பிடும்போது, ‘பேரை ஒரு வாட்டி சொன்னா எவ்ளோ ஆயுசு கொறையும்? ஒரு வாரம்னே வெச்சிக்கயேன். ஒரு வாரத்துக்கு ஒரு லட்சம்னா நல்ல ரேட்டுதான். அந்த ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்’ என்று கேலி பண்ணினேன். பஸ்ஸில் இதைச் சொல்லியிருந்தால் டிரைவர் உட்படச் சிரித்திருப்பார்கள். உன் அக்கா குழம்புச் சட்டியை மூடிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் பேசவில்லை. இரண்டு நாளும் கேப்பைக் களிதான், தொட்டுக்கொள்ளவும் எதுவும் கிடையாது.

அந்த இரண்டு நாளில் பேச ஆள் இல்லாமல் யோசித்தேன் மச்சான். நான் திட்டம் எழுதிவைத்த பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். எத்தனை வயது வரை இருப்போம் என்று தெரிந்தால்தானே எவ்வளவு வேண்டும் என்று போட முடியும். எழுபத்தைந்து என்று போட்டால் பணம் பத்தவில்லை. அதனால் என் ஆயுசை எழுபதோடு நிறுத்தியிருக்கிறேன். பணத்துக்குத் தக்கபடி என்னை வெட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அக்காவுக்கு எத்தனை வயது வரை போட்டிருக்கிறேன் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். போடவே இல்லை. அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள், நான் போன பிறகும் இருக்கப்போகிறவள். அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவளோ என் ஆயுசை எங்கேயும் நிறுத்தாமல், குறைந்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், பணத்தையும் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. நான் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஒரே மூச்சில் போய்ச் சேரப் பார்த்தேன். அவள் எல்லா ஸ்டாப்பிலும் நின்று நின்று வந்திருக்கிறாள். யார் வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்தால் உனக்கே தெரியும்.

இருந்தாலும் பணம் வெளியே வந்தாக வேண்டும். வந்தால் வீட்டுக் கடனை ஒரே தடவையில் கட்டி முடித்துவிடுவேன், பென்ஷன் முழுதாகக் கைக்கு வரும். மீதியை என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன். உன் அக்காவை வற்புறுத்த எனக்கு இனிமேல் வாய் வராது. அதனால்தான் உன் உதவியைக் கேட்கிறேன். வருகிற 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீயும் சித்ராவும் அவசியம் வர வேண்டும். சித்ரா உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது ‘வெற்றி, அந்தச் சொம்பை எடு’ என்றாள், நானே கேட்டேன். கல்யாணமாகி இருபது வருஷமாகக் கூப்பிடுகிறாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, சொல்லப்போனால் எடை கூடியிருக்கிறது. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உன் அக்கா எதிரில் ஆரோக்கியமாக உட்கார்ந்திரு. சித்ரா உன்னை ஒரு பத்து தடவை முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிடட்டும். ஒவ்வொரு தடவையும் நீ நன்றாகச் சிரி, சாப்பிடு, முடிந்தால் கிணற்றில் நாலு குடம் தண்ணீர் இறைத்துக் காட்டு. அன்றைக்குப் பார்த்து இருமித் தொலைக்காதே. உனக்கு இப்போது சர்க்கரை இருப்பதை உன் அக்காவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

பிள்ளைகள் நன்றாகப் படித்துக் கைநிறையச் சம்பாதித்து, எந்த நோட்டீசையும் நம்பாமல் இருக்க வேண்டும் என்று ஆசி சொல்கிறேன். சித்ராவுக்கு என் அன்பான விசாரிப்பு. கோலியனூர்ப் பக்கம் போனால் நம் ஆட்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மரத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்று.

இப்படிக்கு,
ஊரறிந்தபடி உன் அக்காவின் புருஷனான
பெரியதம்பி

பின்குறிப்பு (20.8.2008, புதன்): நீங்கள் யாரும் வர வேண்டாம். இதை எழுதி முடித்த மறுநாள் சுதந்திர தினம், பிறகு ஞாயிறு என்று தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை நான் பென்ஷன் விஷயமாகத் திண்டிவனம் போயிருந்த நேரத்தில் உன் அக்கா தனியாகக் கிளம்பி வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். திரும்பி வந்தால் கூடத்தில் சான்றிதழ் இருக்கிறது, சீல் போட்டு. ‘உங்க காதுல உழக்கூடாதுன்னுதான் நீங்க இல்லாதப்ப போனேன். காதுல உழலன்னா கொறையாது’ என்றாள். நேற்று என்னையும் கூட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனாள். கடன் கட்டப் பணம் வாங்கப்போகிறோம் என்று நான் பையோடு போனேன். அவள் முழுப் பணத்தையும் இன்னும் ஐந்து வருஷத்துக்கு இரண்டு பேர் பெயரிலும் திரும்பப் போட்டுவிட்டாள். ‘கடன் அது பாட்டுக்குக் கட்டிக்கினு போவட்டும். இதுல இப்ப கை வெச்சா எழுபதுக்கு மேல இன்னா பண்ணுவீங்க?’ என்றாள். என் டைரியைப் பார்த்திருக்கிறாள். நான் எழுதிவைத்த தாளைக் கிழித்துவிட்டேன். வட்டியில் சில்லறையாக மிஞ்சிய நூற்று நாற்பது ரூபாயைக் கொடுத்து என்னைச் செருப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

இன்று காலையில் வேங்கடேசனைப் பார்த்து எப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். ‘மொத வாட்டி காத்துதாங்க வந்துச்சு. ரெண்டாவது வாட்டி பாதியில நின்னுடுச்சு. மூணாவது வாட்டி தெளிவா சொன்னாங்க. சொல்லிட்டுக் கண்ணைத் தொடச்சிக்கினாங்க’ என்றார். அந்த ஆள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை உன்னிடம் சொல்வதில் என்ன இருக்கிறது. வீட்டுக்கு வந்து, ‘எனக்கு ஒரு வாட்டி சொல்லேன்’ என்றேன். ‘அங்க சொன்னது கவர்மென்ட்டுக்கு. உங்க பேரு உங்களுக்குத் தெரியாதா?’ என்று உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். உன் அக்கா கூடத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியவில்லை. விரல் என் பெயர் இருக்கிற வரிக்கு வந்தது. உதடு ஒட்டித் திறந்தது, ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து, கடைசியில் மறுபடியும் ஒட்டித் திறந்தது. சத்தம் வரவில்லை. முடித்துவிட்டு விரலைத் திரும்பவும் முதல் எழுத்துக்குக் கொண்டுபோனாள். நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டேன்.